தொட்டால் குனியும் எதிரொலி

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, அது எங்காவது முட்டித் திரும்புகிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. காதுக்குக் கேட்கிற ஒலிக்கே நான் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வீட்டில் நிலவும் கருத்து.

அன்று மதியம் நாமக்கல் பைபாஸ் ஓரப் பட்டறையில் ஒரு கேஸ் டேங்கர் நின்றது. கேஸை இறக்கி, தண்ணீர் நிரப்பி வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, உள்ளே ஆள் போகலாம் என்று உறுதி செய்திருந்தார்கள். உரிமையாளரே டிரைவர். நான் வருகிறேன் என்று டேங்குக்குப் புதுப் பெயின்ட் அடித்து, வெல்டிங் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். நான் முதல் வேலையாகப் பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க பவுடரத் தொடச்சுப் பாக்கறாப்புல இருக்குதுங்க சார்" என்றார்.

வெல்டின் ஓரத்தில் பசை தடவி, ஒலியை அனுப்பும், தீப்பெட்டியை விடச் சிறிய புரோபை நகர்த்தினேன். பசை இல்லாவிட்டால் ஒலி இரும்புக்குள் இறங்காது. கருவியின் திரையில் ஒரு கோடு நீளமாகப் படுத்திருக்கும். ஒலி எதிலாவது முட்டினால் அதில் ஒரு முள் எழும். மற்றபடி வெறும் சமவெளி. பார்த்துக்கொண்டே இருந்தால் நான் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிடுவேன். இந்தப் பக்கத்து நிலமும் அப்படித்தான்: மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணை, மறுபடி மரவள்ளிக் காடு, பிறகு யாரும் கேட்காமலே ஒரு குன்று. இதையெல்லாம் அறிக்கையில் எழுதினால் என்னை வேறு விதமான சோதனைக்கு அனுப்புவார்கள்.

வண்டியின் பின்பக்கம், உருளையும் குவிந்த மூடியும் சேரும் வட்ட வெல்டில் குன்று எழுந்தது.

அது விரிசலாக இருக்கலாம். வெல்ட் உள்பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே மாதிரி முள் வரும். புடைப்பு என்றால் பாதகமில்லை. விரிசல் என்றால் தோண்டி, மறுபடி வெல்ட் வைத்து, சூடேற்றி, திரும்பச் சோதித்து, வண்டி பட்டறையிலேயே கிடக்கும்.

"நாளைக்கு மங்களூர்ல லோடுங்க சார்" என்றார் அவர்.

அவர் மனைவி தூக்குப்போசியில் சாப்பாட்டோடு அப்போதுதான் வந்து சேர்ந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தவர் போசியைக் கீழே வைக்கவில்லை.

"லோடு கெடக்குதுங்க. இந்த மனுசன் ராவெல்லாம் அந்த டேங்குக்கு முன்னாலதான் தல வெச்சுத் தூங்கறாரு. வெடிப்புன்னா வெடிப்புன்னு சொல்லிப்போடுங்க."

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. உள்ளே ஒருவர், பசை தொட்ட விரலை அந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒலி புடைப்பின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது என்றால், விரல் அதில் கொஞ்சத்தைக் குடித்துவிடும், முள் குனியும். இரும்புக்குள் விரிசலில் முட்டித் திரும்பும் ஒலிக்கு விரலும் தெரியாது, ஊரும் தெரியாது. முள் நிமிர்ந்தே நிற்கும்.

"என்ர வண்டி, நானே போறனுங்க" என்று அவர் பின்பக்கத் துளை வழியே உள்ளே இறங்கினார். போனவரை விடப் பெரிய குரல் ஒன்று வெளியே வந்தது. "எங்கீங்க வெக்கோணும்?"

வெளியே இருந்து தட்டிக் காட்டினேன். முள் அசையவில்லை.

"தொட்டுட்டீங்களா?" என்றார் மனைவி, துளையில் முகம் வைத்து.

"தொட்டுட்டுத்தான் இருக்கறேன் புள்ள."

"இன்னும் கொஞ்சம் கீழேங்க" என்றேன், நம்பிக்கையில்லாமல்.

முள் குனிந்தது. எடுக்கச் சொன்னேன், நிமிர்ந்தது. வைக்கச் சொன்னேன், வகுப்பில் பெயர் கூப்பிட்ட பையனைப் போல மறுபடி தலை குனிந்தது.

அந்த அம்மாள் திரைக்குப் பக்கத்தில் வந்தார். "இது... அவருங்களா?"

"அவர் விரல்தாங்க."

"ஊட்டுல ஒரு துரும்ப நவுத்த மாட்டாரு. இங்க இரும்பே ஆடுது பாருங்க."

முள் தெரிந்த நீளம் முழுக்க அவர் உள்ளே விரலை நகர்த்த, நான் வெளியே புரோபை நகர்த்தினேன். நடுவில் இரும்பு. நீருக்கடியில் ஒருவர் போக, கரையோரமாக அவர் நிழலைப் பார்த்துக்கொண்டே நடப்பதைப் போல இருந்தது. எங்கேயும் முள் குனியாமல் இல்லை. வெல்டின் மறுபக்கத்திலிருந்தும் பார்த்தேன்; விரிசலுக்கான தடயமே இல்லை.

"வெடிப்பு இல்லைங்க. தாராளமாகப் போகலாம்" என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தபடி, போசியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"ஏனுங்க, இன்னொருக்கா தொடுங்க."

"அதான் ஆயிருச்சே. பசிக்குது புள்ள."

"தொடுங்கங்கறேன்."

புரோபைப் பழைய இடத்தில் வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டேன். முள் குனிந்தது.