படகுக்காரிக்குப் பூச வேண்டிய வண்ணம்

எங்கள் விளையாட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கு வண்ணம் கிடையாது. ஒரு கதாபாத்திரம் சாகும்வரை அதன் படம் பென்சிலில்தான் இருக்கும். செத்த பிறகுதான் என் நண்பன் தூரிகையைக் கையில் எடுப்பான்.

மலேசியாவில், உலு திராமில் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு மத்தியானங்களில் நாங்கள் நால்வர் விளையாடி வந்தோம். அவன், அவன் மனைவி, சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்காகத் தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடக்கும், நாங்கள் தம்பி என்று கூப்பிடும் ஓர் இளைஞன், நான். நான் கதை சொல்பவன்: ஆறுகள், இடிந்த கோட்டைகள், பேய்கள் நிறைந்த ஒரு நாட்டை நான் விவரிப்பேன். மற்ற மூவரும் அந்த நாட்டில் ஆளுக்கொரு மனிதராக இருப்பார்கள். யாராவது ஆபத்தான காரியத்தில் இறங்கினால் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டுவார்கள். உயிர் போகும் கட்டத்தில் ஐந்துக்குக் கீழே விழுந்தால் அந்த ஆள் காலி. திரும்பி வருவதென்பதே இல்லை.

இந்த வகை விளையாட்டின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய அதிகாரிகள் மேசைமேல் போர் நடத்திப் பழகியதில் அதன் வேர் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் சில பொழுதுபோக்குக்காரர்கள் படைகளை விட்டுவிட்டு, ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டபோது அது இன்றைய வடிவத்துக்கு வந்தது. முதல் விதிப் புத்தகங்களில் வண்ணம் கிடையாது. கையில் காசில்லாத இளைஞர்கள் கறுப்பு மையில் கிறுக்கிய அரக்கர்கள்தான். பளபளக்கும் எண்ணெய் ஓவிய அட்டைகள் எல்லாம் பின்னால் வந்தவை. எங்களிடம் வந்து சேர்ந்ததோ சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு நகல் பிரதி. அதில் அரக்கர்களின் பாதி முகம் கறுப்பாக அப்பியிருந்தது. அந்த அரைமுகங்களைப் பார்த்துத்தான் அவனுக்கு வரையும் ஆசையே வந்தது.

அவன் ஜொகூர் பாருவில் ஓர் அச்சுக்கடையில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கணினியில் பேனர் தயாரிப்பவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையால் வரைவான். முதன்முதலில் மனைவியின் கதாபாத்திரமான திருடியைப் பல வாரம் உட்கார்ந்து முழு வண்ணத்தில் தீட்டி முடித்தான். அடுத்த ஞாயிறே விளையாட்டில் அந்தத் திருடி பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போனாள். அது தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு. பொங்கலுக்கு முந்தியது என்று அவன் சாதிப்பான், ஆனால் நான் சரிபார்த்துவிட்டேன்.

"இவ கடைசியா அந்தப் பாலத்துல எப்படி நின்னானு எனக்குத் தெரியாமயே வரைஞ்சிட்டேன்" என்றான். "இனிமே ஆள் முடியட்டும். அப்புறம் கலர்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. கூடத்துச் சுவரில் செத்தவர்கள் வண்ணத்தில் தொங்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் தம்பியுடைய வீரர்கள். "உன் ஆளுங்களுக்குப் பெயிண்ட் வாங்கியே நான் போண்டியாயிடுவேன்டா" என்று நண்பன் அவனைக் கிண்டல் செய்வான்.

நண்பனுடைய கதாபாத்திரம் மட்டும் சாகவே இல்லை. அவள் ஒரு படகுக்காரி. ஆற்று மந்திரங்கள் தெரிந்தவள். ஒவ்வொரு காயத்துக்கும் அவன் பென்சில் கோட்டை அழித்துத் திருத்துவான். தீயில் வெந்த முன்கை, போன சுண்டுவிரல், புருவத்து வெட்டு என்று ஏற ஏற அந்தத் தாள் துணிபோல் மெலிந்துவிட்டது.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே விளையாடினோம். அப்போதுதான் அவன் பகடை எண்ணைத் தப்பாகப் படிப்பதைத் தம்பி கண்டுபிடித்தான். "அண்ணே, பதினேழை பதினொண்ணுங்கிறீங்க, யாராவது நஷ்டத்துக்கு ஏமாத்துவாங்களா லா?" என்று சிரித்தான். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் அவன் விழித்திரையைத் தின்றுகொண்டிருந்தது. அரசு மருத்துவமனையில் லேசர் செய்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பார்வை மெல்லப் போகும், எப்போது முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அதன்பின் அவனுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கண் இருக்கும்போதே படகுக்காரிக்கு வண்ணம் தீட்டிவிட வேண்டும். அதற்கு அவள் முதலில் சாக வேண்டும்.

"யாருண்ணே கேக்கப் போறா? இப்பவே கலர் அடிச்சிடுங்க" என்றான் தம்பி.

"இன்னும் கதை முடியாத ஆளுக்கு என்ன கலர்டா போடுறது?"

"கரையேறிட்டா, கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு கதையை முடிச்சிடுங்களேன்" என்றாள் மனைவி.

"அவ அப்படி உக்காருற ஆளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பினான். "நீயும் வேணும்னே எதையாவது கொண்டாந்து விட்டுடாதே. நீ கொன்னா அது கொலை. பகடை கொன்னாத்தான் சாவு."

படகுக்காரி ஆபத்தைத் தேடிப் போக ஆரம்பித்தாள். வெறுங்கையோடு முதலைக் குளத்தில் இறங்கினாள். எரியும் கோட்டைக்குள் யாருக்காகவோ திரும்பிப் போனாள். அவன் உருட்டுவான், பதினெட்டு விழும். மறுபடி உருட்டுவான், இருபது. தம்பி வயிறெரிந்தான்: "அலமாக், என் ஆளுங்களுக்கு ஒருநாளாவது இப்படி விழுந்துச்சா!" முதலில் நாங்கள் சிரித்தோம். அவன் ஒவ்வொரு வாரமும் எண்ணைப் படிக்கப் பகடையை மூக்கருகே கொண்டுபோவது கூடிக்கொண்டே போனதும் சிரிப்பு நின்றது. நல்ல எண் விழும்போதெல்லாம் அவன் மனைவி எழுந்து தேநீர் போடப் போய்விடுவாள்.

ஒருமுறை அடுப்படியில் அவள் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, வெளையாட்டுல கூட இவர் ஆளு சாகக்கூடாதுன்னுதான் மொதல்ல வேண்டிக்கிட்டேன். இப்ப எப்படி வேண்டிக்கிறதுன்னே தெரியல."

சென்ற ஆண்டு தீபாவளிக்கு அவனால் வந்தவர்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது. அச்சுக்கடை வேலை அதற்கு முன்பே போய்விட்டது. விளையாட்டை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். "ஏன், உனக்கு ஞாயித்துக்கிழமை வேற வேலை வந்திருச்சா?" என்றான். அவன் உருட்ட, எண்ணை மனைவி படித்துச் சொன்னாள்.

மழைக்காலத்தின் ஒரு ஞாயிறு. கதையில் ஆறு கரைபுரண்டிருந்தது. அக்கரையில் முன்பின் தெரியாத சிலர் கூரைமேல் நின்று கத்தினார்கள். படகுக்காரி துடுப்பை எடுத்தாள். இந்த முறை அவன் ஆபத்தைத் தேடவில்லை. அவள் போகத்தான் செய்வாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களைக் கரை சேர்த்துவிட்டுத் திரும்பும்போது மரம் ஒன்று படகில் மோதியது.

அவன் உருட்டினான். மனைவி குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். தம்பி அவளைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"என்னா விழுந்துச்சு?"

அவள் பகடையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஏய், என்னா விழுந்துச்சு?"

"மூணு."

"மூணா?"

"மூணுங்க."

அவன் சிரித்தான். "இப்ப வந்து விழுது பாரு."

தம்பி, "நீங்க சொல்லுங்கண்ணே, நான் கலர் அடிக்கிறேன்" என்றான்.

"நீ சுவத்துக்கே ஒழுங்கா அடிக்க மாட்டே. என் ஆளை விட்டுடு."

ஆனாலும் அவன் சொல்ல ஆரம்பித்தான். யாரும் தூரிகையை எடுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் உடை நீலம் இல்லை; பாசிர் கூடாங் பக்கம் மழை இறங்கும்போது தெப்ராவ் நீரிணையில் தெரியும் சாம்பல். வெந்த முன்கைக்கு மங்குஸ்தீன் பழத்தோலின் உள்பக்கச் சிவப்பு. துடுப்பில் கை படும் இடம் மட்டும் வெளுத்திருக்க வேண்டும். வானத்தில் மஞ்சள் வேண்டாம், யாரும் காப்பாற்ற வரவில்லை.

பிறகு நிறுத்திவிட்டான்.

"முகம்" என்றான். "அவ முகம் எனக்கு வரமாட்டேங்குது."

மனைவி உள்ளே போய் அந்தப் பென்சில் தாளை எடுத்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நெத்தி அகலம். இடது புருவத்துல ஒரு வெட்டு."

"அது எப்ப பட்டுச்சு?" என்று என்னைக் கேட்டான். உப்பளத்துச் சண்டையில், தம்பி அந்த வீட்டில் முதன்முதலாக விளையாட வந்த வாரம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான்.

"மூக்கு?"

"நீளம்தான்."

"அவ்வளவு நீளமாவா போட்டேன்?"

"ஆமாங்க."

"நல்லா இருக்காதே. அழிச்சிட்டுக் கொஞ்சம் சின்னதா போடணும்" என்றான்.