முப்பத்தைந்து அங்குலம்

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நெட்டையார்தான். மரவேலை செய்பவர், வீட்டை ஒட்டியே பட்டறை. நான் அவர் மார்பளவுதான் இருப்பேன். கல்யாணத்தன்று போட்டோ எடுத்தவர் என்னை ஒரு முக்காலி மேல் ஏற்றி நிற்கவைத்தார். அதை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற மனிதர் இவர். பட்டறை வாசல் அவருக்குக் குட்டை. கல்யாணமான புதிதில் நிலைச்சட்டத்தில் முட்டிக்கொண்ட தழும்பு இன்னும் நெற்றியில் இருக்கிறது. அன்றிலிருந்து குனிந்துதான் உள்ளே போவார்.

அந்த வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறார்: 35. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை தரையிலிருந்து எத்தனை அங்குலம் இருக்கிறதோ, அதுதான் வேலைமேசையின் உயரம். அதற்கு மேலே போனால் இழைப்புளியைத் தள்ளும்போது தோள் வலிக்கும். கீழே போனால் இடுப்பு வலிக்கும். இருபத்தாறு வயதில் அளந்து எழுதியது. ஒருமுறை அளந்தாகிவிட்டது என்றால் அவருக்கு அது முடிந்த விஷயம்.

பழைய மேசை முப்பத்து நாலு வருஷம் உழைத்தது. போன மழைக்கு ஒரு காலைக் கறையான் அரித்துவிட, மேசை சாய்ந்துவிட்டது. மேல்பலகையைக் கழற்றிப் பட்டறைக்குப் பின்னால் சாத்திவிட்டு, புதிதாக ஒன்று செய்தார். சுவரைப் பார்த்தார், முப்பத்தைந்துக்குக் கால்களை அறுத்தார், தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பத்தாம் நாள் வலது தோள் பிடித்துக்கொண்டது.

அன்று போனது எங்கள் வீட்டு நிம்மதி. முதலில் இழைப்புளியின் மேல் பழி. தகட்டைத் தீட்டினார், மாற்றினார், மறுபடி பழையதையே போட்டார். அடுத்தது செருப்பு. செருப்போடு நின்று பார்த்தார், வெறுங்காலோடு நின்று பார்த்தார், என் செருப்பைக்கூட விடவில்லை. பிறகு ஒருநாள் ஒரு பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று இழைத்தார். வலிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே புரிந்திருக்கும்.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றார். "தரை எறங்கியிருக்கு."

"தரையா?"

"மேசை முப்பத்தஞ்சு சரியா இருக்கு. அளவு பொய் சொல்லாது. அப்ப நான் நிக்கிற எடந்தான் பள்ளம்."

இரண்டு நாள் மட்டப்பலகையும் கையுமாகத் தரையில் தவழ்ந்தார். தான் நிற்கிற இடம், மேசை நிற்கிற இடம் என்று பார்க்காமல் பட்டறை முழுக்கச் சிமெண்ட் பூசி மட்டம் பார்த்துவிட்டார். தரை உயர்ந்தது, மேசையும் கூடவே உயர்ந்தது, தோள் பழையபடி வலித்தது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். திறக்கவில்லை.

எலும்பு டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தோளுக்கு மேல் போகவில்லை. "அடுத்த மாசம் வரும்போதும் இப்படியே இருந்தா, இழைப்புளிய விட்டுடுங்க. வேற ஏதாவது பாருங்க," என்றார்.

வரும் வழியெல்லாம் இவர் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "வேற ஏதாவதுன்னா என்ன? வாசல்ல உக்காந்து போறவங்க வர்றவங்கள எண்ணணுமா?"

அதன்பிறகு குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் பட்டறைக்கும் நடந்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய் மேசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவர் ஒரே அளவில்தான் சட்டை வாங்குவார். ஆறு வருஷமாக வாங்குகிற ஒவ்வொரு சட்டையும் அவருக்கு நீளமாக இருந்தது. "தைக்கிறவனுக்குக் கண்ணு தெரியல," என்று திட்டுவார். நான் ஒன்றும் சொல்லாமல் அடிமடிப்பைப் பிரித்து, கொஞ்சம் ஏற்றித் தைத்துக் கொடுத்துவிடுவேன். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடுதலாக ஏற்ற வேண்டியிருந்தது. நெட்டையாரிடம் போய் நீங்கள் குறைந்துவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? முதலில் பாவமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது.

டாக்டரிடம் மறுபடி போக மூன்று வாரம் இருந்தபோது ஒருநாள் காலை, இவர் "பலகைமேல ஏறினப்ப வலி போச்சு, மேசையையும் ஏத்திப் பாப்போம்" என்று மேசையின் நாலு கால்களுக்கும் அடியில் அரை அங்குலக் கட்டை வைத்து உயர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"வெளிய வாங்க," என்றேன்.

"வேலையா இருக்கேன்."

"வாங்கன்னா வாங்க."

குனிந்து வெளியே வந்தார்.

"இப்ப குனியாம உள்ள போங்க."

"என்ன வெளையாட்டு? மண்டை ஒடையணுமா?"

"ஒடைஞ்சா நான் கட்டுப் போடறேன். தலைய நேரா வச்சுக்கிட்டுப் போங்க."

என்னை முறைத்தார். ஒரு கையை நெற்றித் தழும்பின் மேல் வைத்துக்கொண்டு, மெல்ல, கண்ணை மூடியபடி நடந்தார். உள்ளே போய்விட்டார். ஒன்றும் இடிக்கவில்லை. திரும்பி நிலைச்சட்டத்தைப் பார்த்தார். அதன் அடியில் வந்து நின்று, உச்சந்தலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போனது.

"வாசல யாராவது ஏத்தி வச்சிட்டாங்களா?" என்றார். குரலில் சுரத்தே இல்லை. அவருக்கே தெரிந்துவிட்டது.

நான் சட்டை விஷயத்தைச் சொன்னேன். அவர் போட்டிருந்த சட்டையின் அடிமடிப்பைத் திருப்பி, உள்ளே சுருட்டியிருந்த துணியைக் காட்டினேன்.

"அப்ப பழைய மேசை? அதுல வலிக்கலையே," என்றார்.

பின்னால் போய்ப் பழைய மேல்பலகையைப் பார்த்தோம். நாலு அங்குலக் கனத்தில் போட்ட பலகை அது. வருஷத்துக்கு ஒருமுறை மேடு பள்ளம் போக அவரே அதை இழைத்துவிடுவார். டேப்பை வைத்தார். இரண்டேகால் அங்குலம்.

"உங்ககூடவே அதுவும் எறங்கியிருக்கு," என்றேன்.

பலகையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "ஆறு வருஷமா தெரியுமா உனக்கு?"

"ம்."

"தோளு வலிக்குதுன்னு தவிச்சேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

நான் பாவம் பார்த்ததற்கு அவர் தோள் அனுபவித்திருக்கிறது. அழுகை வந்துவிட்டது. அவர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரமாக நின்று கையைத் தொங்கவிட்டார்.

"நிமிராதீங்க," என்றேன். "எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க."

மணிக்கட்டுக்கு நேராகச் சுவரில் கோடு போட்டேன். முப்பத்து மூன்றேகால். கட்டைகளை உருவி எறிந்துவிட்டு, நாலு கால்களிலும் ஒன்றேமுக்கால் அங்குலம் அறுத்தார். அவருக்குக் கை வலித்தபோது ரம்பத்தை நான் வாங்கி அறுத்தேன்.

டாக்டரிடம் போன அன்று கை காதைத் தாண்டிப் போனது. "என்ன மருந்து சாப்டீங்க?" என்று அவர் கேட்க, இவர் என்னைப் பார்த்தார். "மேசைக்கு மருந்து குடுத்தோம்," என்றார்.

அடுத்த வாரம் புதுச் சட்டை ஒன்றை வாங்கி வந்து என் மடியில் போட்டார். அடியில் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்திருந்தது.

"ஒண்ணேமுக்கால். நீ குத்துமதிப்பா மடிக்காத," என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனார். வாசலில் வழக்கம்போலக் குனிந்தார்.