சித்தி தோற்ற நாள்

எங்கள் சித்தி வாதத்தில் தோற்று நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதைச் சொல்வதற்கு முன் அவள் ஜெயித்த கதைகளில் ஒன்றையாவது சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

சித்தி என் அம்மாவின் தங்கை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். அங்கே பகுத்தறிவு பேசும் ஒரு சூப்பரின்டெண்ட் இருந்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, "உலகத்தை ஆண்டவர் படைச்சார்னா, அவரை யாரும்மா படைச்சது?" என்று கேட்டுவிட்டு வெற்றிக் களிப்போடு மோர்சாதத்தைப் பிசைந்தாராம். "எல்லாத்துக்கும் காரணம் இருக்கணும்னு நான் சொல்லலீங்க சார். ஆரம்பம் இருக்கிறதுக்குத்தான் காரணம் வேணும்னு சொன்னேன். ஆரம்பமே இல்லாதவரை யார் படைச்சாங்கன்னு கேட்டா எப்படீங்க?" என்றாளாம் சித்தி. அவர் பிசைந்த சாதத்தை அப்படியே விட்டுவிட்டு, "இந்தப் பொண்ணு வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றாராம். இதை நான் என் வகுப்பு முழுக்கச் சொன்னேன். சூப்பரின்டெண்ட் மயங்கி விழுந்ததாக என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் கொண்டேன்.

தாத்தாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் கிடையாது. 'பொண்ணு ஜாஸ்தி பேசுது' என்று வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் போய்க்கொண்டிருந்தன. சித்திக்கு முப்பது நெருங்கியிருந்தது. ஆரணியிலிருந்து ஒரு நல்ல இடம் கூடிவந்தபோது தாத்தா கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்: "இன்னிக்கு ஒரு நாள் வாயைத் தொறக்காம இரும்மா." மாப்பிள்ளை காலேஜில் இயற்பியல் வாத்தியார். அவருடைய அப்பா சபை மூப்பர். அவர் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும் என்று பெயரெடுத்தவர்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், நல்ல நாள் பார்க்கிறவர்கள் இல்லை. அந்தப் பெருமிதத்தில் தாத்தா காலண்டர் பக்கமே திரும்பாமல் குறித்துக் கொடுத்த சனிக்கிழமை, பௌர்ணமியாக அமைந்துவிட்டது. ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். செங்கம் ரோட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்பாவும் பிள்ளையும் கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்தார்கள். ஒரு சபை மூப்பரைக் கால்வாசி கிரிவலம் சுற்றவைத்த புகழ் எங்கள் தாத்தாவையே சேரும்.

சொஜ்ஜி பஜ்ஜி வந்தது. இருவரும் உள்ளறையில் தனியாகப் பேசட்டும் என்றார்கள். தனியாக என்றால் எங்கள் வீட்டில் நானும் சேர்த்தி. கட்டில் ஓரத்தில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டேன்.

"ஒண்ணு சொல்லிடறேங்க. எனக்குக் கடவுள் நம்பிக்கை போயிடுச்சு. அப்பாவுக்குத் தெரியாது. உங்களை ஏமாத்திக் கட்டிக்க மனசு வரல" என்றார் மாப்பிள்ளை. சித்தி வாயைத் திறக்கவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே போன கூட்டத்தைக் காட்டினார். "நீங்க அடி அண்ணாமலையில ஒரு வீட்டுல பொறந்திருந்தா, இப்ப இதுல நடந்துட்டு இருப்பீங்க. இந்த வீட்டுல பொறந்ததால ஜெபம் பண்றீங்க. அவ்வளவுதானேங்க?"

தாத்தாவின் உத்தரவு அந்த இடத்தில் காலாவதியானது.

"இருக்கலாம். ஏழெட்டு ஐம்பத்தாறுன்னு இவளுக்கு எங்க அக்கா சொல்லிக் குடுத்தாங்க. வேற வீட்டுல பொறந்திருந்தா யாரும் சொல்லாமலே போயிருக்கலாம். அதனால ஐம்பத்தாறு தப்பாயிடுமா? ஒரு நம்பிக்கை எனக்கு எப்படி வந்துச்சுங்கறது ஒரு கேள்வி, அது உண்மையாங்கறது வேற கேள்வி. உங்க சந்தேகம்கூட எங்கயோ படிக்கப் போன இடத்துல வந்ததுதானேங்க? அதுக்காக அது பொய்னு நான் தள்ளிட்டேனா?"

மாப்பிள்ளை, "சரிதாங்க, அது தப்பான வாதம்தான்" என்றார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கூடத்துக்கு ஓடி, "தாத்தா! ஆண்டவரே இல்லன்னு மாப்பிள்ளை சொன்னாரு, சித்தி மடக்கிட்டாங்க!" என்று கூவினேன்.

மூப்பரின் கையில் சொஜ்ஜித் தட்டு அப்படியே நின்றது. "என்னடா சொல்லுது இந்தக் குழந்தை?" என்றார். உள்ளேயிருந்து வந்த மகன், "உண்மைதாம்பா" என்றார். மூப்பர் தட்டை வைத்துவிட்டு, ஜெபம்கூடப் பண்ணாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. தாத்தா சித்தியோடு பேசுவதை நிறுத்தினார். எனக்கென்னவோ வருத்தமே இல்லை. காலேஜ் வாத்தியாரையே மடக்கியவள் எங்கள் சித்தி.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார். "அவங்ககிட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்குங்க" என்றார். தாத்தாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் குஷியாக என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் வாதம் செய்கிற குரலில் பேசவில்லை. "எங்க அம்மா ரொம்ப நாள் படுக்கையில கெடந்தாங்க. அப்பா விடாம ஜெபம் பண்ணாரு. சபையே உபவாசம் இருந்துச்சு. கடைசி வரைக்கும் வலியிலயேதான் போனாங்க. நீங்க சொல்ற ஆண்டவர் அப்ப ஏங்க சும்மா இருந்தாரு?"

இதற்குச் சித்தியிடம் பதில் உண்டு. மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரம், நம் கண்ணுக்கு எட்டாத காரணங்கள் என்று அவள் சூப்பரின்டெண்டிடம் அடுக்கியதை வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லு, சொல்லு என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

"தெரியலீங்க" என்றாள் சித்தி. "படிச்ச பதில் இருக்கு. அதை இப்ப உங்ககிட்ட சொன்னா, உங்க அம்மா பட்ட வலியைச் சின்னதாக்கற மாதிரி ஆயிடும்." நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா எப்படி இருப்பாங்க, சொல்லுங்க" என்றாள்.

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா கண்டித்தது, குழம்பு வைத்தது, பாட்டு வராமலே சபையில் சத்தமாகப் பாடியது. ஒரு கட்டத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குக் கொட்டாவி வந்தது. கிளம்பும்போது, "அன்னிக்கு வீட்டுக்குப் போய்த்தாங்க அப்பாவும் நானும் அம்மாவைப் பத்தி முதல்முறையா பேசினோம். நாளைக்கு ஆராதனை முடிஞ்சு அவரைக் கூட்டிட்டு வரேன்" என்றார். தாத்தா வாசல்வரை ஓடிப்போய் வழியனுப்பினார்.

ஜெயித்ததைக் காட்டத்தான் அப்பாவைக் கூட்டி வருகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தியின் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பரவால்ல சித்தி, நாளைக்கு ஜெயிச்சுடலாம்" என்றேன்.

சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். தோற்றுப்போனவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.