சீட்டில் இல்லாத மகள்

எழிலரசி பி.காம். முடித்தவள், அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் பில் போட்டாள். விடுமுறை நாட்களில், பறையடித்துச் சாவுப்பாட்டு பாடும் தருமனின் குழுவில் பின்பாட்டு பாடினாள். “படிச்சிட்டு எழவு வூட்ல பாடிகினு கீறியே” என்பாள் அம்மா. அந்தக் கேள்வி எழிலரசிக்குள்ளும் இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் போகும்போதுகூட மனம் பாட்டுக்கு வரி கட்டிக்கொண்டே இருந்தது.

கண்ணமங்கலம் பக்கத்தில் முனியம்மாள் என்ற மூதாட்டி இறந்த அன்று தருமனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முதன்முறையாக மைக் எழிலரசியின் கைக்கு வந்தது. இறந்தவரின் பிள்ளைகள் பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கி, அதை வைத்துப் பாட்டு கட்டுவது வழக்கம். மூத்த மகன் ஜெகநாதன் கொடுத்த சீட்டில் மூன்று பெயர்கள் இருந்தன.

“இதுல கீறவங்க மட்டுந்தான். வேற பேரு வரக்கூடாது.”

காரணம் தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றது. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மகள் சூர்யகலா. கையில் மாலை. அவளை உள்ளே விடவில்லை.

“அவங்களும் பொண்ணுதானேண்ணா?” என்று தருமனிடம் கேட்டாள் எழிலரசி.

“பேஜார் பண்ணாத எழிலு. சீட்ட பாடு, வண்டி ஏறு. இன்னிக்கு ஏடாகூடமாச்சின்னா இந்தப் பக்கம் ஒருத்தனும் கூப்ட மாட்டான்” என்றான் தருமன்.

மூன்று பெயர்களையும் பாடினாள். ஜெகநாதன் குலுங்கி அழுதான். தன் வரிக்கு ஒருவர் அழுவதைப் பார்த்து உள்ளுக்குள் மகிழ்ந்தாள்; உடனே கூசிப்போனாள். அடுத்து, மூன்று பெற்றவளே என்று கட்டி வைத்திருந்த வரி. அதை விட்டுவிட்டு வேறொன்று பாடினாள்.

“நாலு தரம் நொந்தவளே, எங்கம்மா
நாலுல ஒண்ணு தெருவுல நிக்குதம்மா!”

பறை ஓர் அடி தவறியது. “யேய், இன்னா பாடற?” ஜெகநாதன் மைக்கைப் பிடுங்கினான். அவள் மைக் இல்லாமலே இன்னொரு முறை பாடினாள். தருமன் பறையில் அடியைச் சேர்த்துக்கொண்டான். மரத்தடியிலிருந்து ஓர் அலறல் எழுந்து பாட்டை மூழ்கடித்தது.

பாடை அந்த மரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சூர்யகலா வீசிய மாலை பிணத்தின் காலடியில் விழுந்தது. ஜெகநாதன் அதைப் பார்த்தான். எடுத்து எறியவில்லை.

திரும்பும்போது வேனில் தருமன் மெதுவாகச் சொன்னான்: “வரி நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா அந்தப் பொண்ணுக்காவ பாடுனியா, உன் பேருக்காவயா?”

அவள் கையிலிருந்த சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

நான்கு மாதம் யாரும் கூப்பிடவில்லை. ஐந்தாவது மாதம் களம்பூரில் ஒரு சாவு. சீட்டு கைக்கு வந்தும் அவள் உடனே படிக்கவில்லை.

“பெத்தது எத்தினி பேருங்க?” என்று சீட்டைக் கொடுத்தவரிடம் கேட்டாள்.