மூன்றாவது மிடறு

என் கணவர் பிலேந்திரனின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி கேட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தார். 1987இல் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தார். 1995இல் ஒஸ்லோவுக்கு மாறினார். பியோர்ண்டாலில் வீடு, ஒரு பொருட்கிடங்கில் வேலை, போன மாதம் மாரடைப்பு. இவ்வளவையும் என் தம்பி எழுதிவிட்டான். நான் எழுத விரும்புவது 2006 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைப் பற்றி. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. துக்க மலரில் இவ்வளவு சந்தோஷம் ஆகுமா என்று தெரியவில்லை. ஆகாவிட்டாலும் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் கொண்டாட்டங்களுக்கு எடுக்கிற மண்டபங்களில் மதுவுக்கு அனுமதி இல்லை. ஆகவே பெண்களும் பிள்ளைகளும் உள்ளே இருப்பார்கள்; ஆண்களில் பாதிப் பேர் கார் நிறுத்துமிடத்தில் நிற்பார்கள். அங்கே யாராவது ஒருவருடைய கார் டிக்கி திறந்திருக்கும். உள்ளே பெரிய கோலாப் போத்தல்கள். பார்த்தால் கோலா, குடித்தால் பாதி விஸ்கி. பல வருடங்கள் அந்த டிக்கி என் கணவருடையதாகத்தான் இருந்தது. எங்கள் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்த நாளில், அவள் வெள்ளை உடுப்போடு கோயில் வாசலில் தகப்பனைத் தேடிக்கொண்டு நிற்க, அவர் காருக்குள் வாயைத் திறந்தபடி நித்திரை. அந்த வாரமே குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். 2002 மே மாதம் அது.

குடியை விட்டவர் கார் நிறுத்துமிடத்தை விடவில்லை. அதே இடத்தில் அதே டிக்கியைத் திறந்து வைப்பார். இரண்டு பிளாஸ்க் நிறையத் தேநீர், நான் பொரித்துக் கொடுத்த மட்டன் ரோல்ஸ், ஐஸ் போட்ட பெட்டிக்குள் சோடாவும் கோலாவும்.

"விட நினைக்கிறவனுக்கு நிக்க ஒரு இடம் வேணும் அருள்ராணி. உள்ளை போனால் பெண்டுகள் பாப்பினம். வெளியிலை நிண்டால் போத்தில் பாக்கும்."

கேலிக்குக் குறைவில்லை. "சுவாமி வந்திட்டார்! பூசை எத்தினை மணிக்கு?" என்று பக்கத்து டிக்கியில் விஸ்கி ஊற்றும் சீனித்தம்பி அண்ணை எப்போதும் கத்துவார். "பூசை முடிஞ்சுது, ரோல்ஸ் மிச்சம் கிடக்கு, வாங்கோ" என்பார் இவர்.

அந்தச் சனிக்கிழமை ஹவுகெட்டோவில் ஒரு மண்டபத்தில் இரத்தினவேலின் மகள் தக்சிலா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. இரத்தினவேல் இவருடைய பழைய டிக்கிக் கூட்டாளி. புதன்கிழமைகளில் எங்கள் வீட்டில் நடக்கும் செபக் கூட்டத்துக்குப் புதிதாக வரத் தொடங்கியிருந்தார். முதல் நாள் வாசலிலேயே நின்று, "அண்ணை, நான் சைவக்காரன். உங்கட யேசு என்ரை கதையைக் கேப்பாரோ?" என்றார். "அவர் பாஸ்போட் கேக்கிறேல்லை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வா" என்றார் இவர்.

சாமத்தியவீட்டன்று அவர் குடிக்காமல் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அவருடைய மனைவி சத்தியபாமா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன செய்தி வேறு. இரண்டு வருடத்துக்கு முன் தக்சிலாவின் பிறந்தநாளில் அவர் கேக் மேசையோடு சேர்ந்து விழுந்ததை அந்தப் பிள்ளை மறக்கவில்லை. "அப்பாவிலை குடி மணந்தால் நான் அவரோடை மேடையிலை நிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டாள். தகப்பனும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

மூன்று மணிக்குப் பிள்ளையை மேடைக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. நான் இன்னொரு தட்டு ரோல்ஸோடு வெளியே வந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இரத்தினவேல் எங்கள் காரின் பின்னால் கோட்டும் சூட்டுமாக நிலத்தில் குந்தியிருந்தார். கையில் கோலாப் போத்தல். முகத்தில் இரத்தமே இல்லை. இவர் அவருக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். வெயில் சுட்டது. சீனித்தம்பி அண்ணையின் டிக்கியில் ஐஸ் இல்லை. தன்னுடைய கலந்த போத்தலைக் கொண்டுவந்து எங்கள் ஐஸ் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். சுவாமியின் பெட்டியை யார் சோதிப்பார்கள்! இரத்தினவேல் படபடப்பிலும் தாகத்திலும் அதையே எடுத்துக் குடித்துவிட்டார்.

"எனக்கென்ன தெரியும், குளிரட்டும் எண்டு வைச்சனான்" என்று சீனித்தம்பி அண்ணை கையைப் பிசைந்தார். "டேய், தெரியாமல் குடிச்சது பாவமில்லையடா. இந்தா, ஏலக்காயைச் சப்பு. ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

"தெரியாமல் குடிச்சது முதல் மிடறு" என்றார் இரத்தினவேல். "ரெண்டாவது தெரிஞ்சுதான் குடிச்சனான்."

ஆனாலும் நீட்டிய ஏலக்காயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"நாப்பத்தொரு நாள் அண்ணை. ஒரு நிமிசத்திலை போச்சுது. என்னை விடுங்கோ. நான் ட்ரெயின் பிடிச்சு எங்கையாவது போறன். என்னை மாதிரி ஆக்களுக்கு உங்கட கடவுளும் ஒண்டும் செய்ய ஏலாது."

"மூண்டாவது மிடறு?" என்று இவர் கேட்டார்.

"என்ன?"

"மூண்டாவது மிடறு குடிச்சனியோ?"

"இல்லை."

"ஏன்? போத்தில் உன்ரை கையிலைதானே இருக்கு. முக்கால்வாசி மிச்சம் கிடக்கு."

இரத்தினவேல் போத்தலைப் பார்த்தார், அப்போதுதான் அதைக் காண்கிறவர் போல. "தெரியேல்லை. கை ஏலாமல் நிண்டிட்டுது."

"போன வருசம் உன்ரை கை அப்படி நிண்டதோ?"

"இல்லை."

"அப்ப ஆண்டவர் அந்த இடத்திலைதான் உன்னைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நீ விழுந்ததைப் பாத்துக்கொண்டிருக்கிறாய், அவர் பிடிச்சதைப் பாக்கிறாயில்லை. டேய், நான் விட்ட பிறகு எத்தினை தரம் விழுந்தனான் தெரியுமோ? மூண்டு தரம். ஒருக்கா உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோடை. ஒவ்வொரு தரமும் போய் ஆண்டவரின்ரை காலிலை விழுந்தனான். ஒருக்காலும் போ எண்டு சொல்லேல்லை. அருள்ராணிக்கு இண்டைவரைக்கும் தெரியாது."

"இப்ப தெரியும்" என்றேன் நான்.

இவர் திரும்பிய வேகத்தில் நிலத்தில் சரிந்துவிட்டார். சீனித்தம்பி அண்ணை சிரித்தார். இரத்தினவேலும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று தரமும் விழுந்து, மூன்று தரமும் எழும்பி, எனக்குத் தேநீர் போட்டுத் தந்துகொண்டு இந்த மனிதர் இருந்திருக்கிறாரே என்றுதான் மனம் துள்ளியது.

உள்ளே நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டுவிட்டார்கள். சத்தியபாமாவின் அழைப்பில் இரத்தினவேலின் கைபேசி அலறியது.

"ஏலக்காயைத் துப்பு" என்றார் இவர். "மறைச்சால் அது உன்னை உள்ளுக்கை இருந்து தின்னும். பிள்ளையிட்டைப் போய் உண்மையைச் சொல்லு."

"அவள் என்னோடை நிக்கமாட்டாள்."

"நிக்காட்டில் பறவாயில்லை. பொய்யோடை நிக்கிறதிலும் அது நல்லது. ஓடு!"

ஓடினோம். நாலு பேரும் ஓடினோம்! ரோல்ஸ் தட்டும் என் கையில். மண்டபத்தின் பின்கதவடியில் தக்சிலா பொன்னிறச் சேலையில் நின்றாள். பின்னால் தோழிப் பெண்கள் தட்டங்களோடு. இரத்தினவேல் அவளுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார், மணம் போய்ச் சேரக்கூடாது என்பது போல.

"பிள்ளை, அப்பா குடிச்சிட்டன். முதல் மிடறு தெரியாமல். ரெண்டாவது தெரிஞ்சு. அதோடை நிப்பாட்டீட்டன். நீ தனியப் போறதெண்டால் போ."

அவள் முகம் இறுகியது. தாயைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். என் கணவர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"பாறெ தூ?" என்றாள். நோர்வேஜிய மொழியில், இரண்டே இரண்டுதானா என்று.

"ரெண்டுதான்."

"நீங்கள் முந்தி ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை அப்பா. குடிக்கேல்லை எண்டுதான் சொல்லுவியள்." மூக்கைச் சுருக்கினாள். "மணக்குது." பிறகு அந்த ஒரு முழத்தையும் தானே தாண்டி வந்து அவர் கையைப் பிடித்தாள். "போட்டோவிலை மணக்காது. வாங்கோ!"

மேடையில் இரத்தினவேல் அழுததற்கு உள்ளே இருந்தவர்கள், மகள் பெரியவளாகிவிட்ட சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். வெளியே வந்தோம். என் கணவர் டிக்கிக்கு முன்னால் நின்று அந்தக் கோலாவைத் தார் மீது கவிழ்த்து ஊற்றினார். "ஐயோ, என்ரை சாமான்!" என்றார் சீனித்தம்பி அண்ணை. அவருக்கும் ஒரு கோப்பை தேநீர் கொடுத்தோம். அவர் குடித்தார்.

அன்றோடு இரத்தினவேல் குடியை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். அதன்பிறகும் இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் விடியுமுன் எங்கள் வீட்டு மணியை அடித்தார். போன மாதம் என் கணவரின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் முன் வலப்பக்கம் நின்றவர் அவர்தான். அன்றைக்குக் குடிக்காமல் இரண்டு வருடமும் நாலு நாளும் என்று என் காதில் சொன்னார்.

நேற்று வந்திருந்தார். கொஞ்ச நேரம் கதிரையின் நுனியில் இருந்துவிட்டு, "அக்கா, வாற சனி ஹவுகெட்டோவிலை ஒரு கலியாணம்" என்றார். "அண்ணையின்ரை பிளாஸ்க் ரெண்டையும் தருவியளோ?"

எடுத்துச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவிக் கொடுத்தேன். ரோல்ஸ் எத்தனை வேண்டும் என்று கேட்டேன். வழக்கமாக முப்பதுதான் பொரிப்பேன்.

"அறுபது போடுங்கோ அக்கா" என்றார். "எங்கட டிக்கியிலை இப்ப சனம் கூடீட்டுது."