கிளிட்டஸ் அண்ணனின் பன்னிரண்டாவது ஃபார்ம்

துபாயில் பனிச்சறுக்கு மைதானத்தில் வேலை என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பவில்லை. என் மனைவி ராதிகாவே முதல் ஆறு மாதம் நம்பவில்லை. ஏதோ ஐஸ்கிரீம் கடையில் இருந்துகொண்டு நான் பீற்றிக்கொள்வதாகத்தான் நினைத்தாள். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி வெயில். ஒரு பெரிய கட்டடத்துக்குள்ளே மைனஸ் இரண்டு. அதற்குள் பனி போட்ட ஒரு சரிவு, அதில் காசு கொடுத்து வழுக்கி விழ வரிசையில் நிற்கும் ஜனங்கள். நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். குளிர் என்றாலே எனக்குக் கோபம் வரும். உள்ளே காலே வைக்காமல், ஜாக்கெட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரிலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். அந்தத் திட்டத்தில் மண் அள்ளிப் போட்டவர் கிளிட்டஸ் அண்ணன்.

அவர் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரர். அல் குசைஸில் எங்கள் ரூமில் என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவருடையது. ஊரில் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளாண்டில் மெக்கானிக்காக இருந்தவர். பிறகு பஹ்ரைனில் ஒரு மீன் கம்பெனியில் எட்டு வருடம். 2005-இல் இங்கே வந்து லிஃப்ட் சூப்பர்வைசர் ஆனார். "வாழ்க்கை பூரா ஐஸுதான் பாஸ்கரு. முன்ன மீனுக்குப் போட்டேன், இப்ப மனுசனுக்குப் போடுதேன்" என்று சொல்லி அவரே சிரித்துக்கொள்வார்.

லிஃப்ட் என்றால் கதவு மூடும் லிஃப்ட் இல்லை. கம்பியில் தொங்கிக்கொண்டே போகும் நாற்காலிகள். சறுக்க வருகிறவர்களைக் கீழே ஏற்றி, நடுவிலோ மேலேயோ இறக்கிவிடும். கீழ் ஸ்டேஷன், நடு ஸ்டேஷன், மேல் ஸ்டேஷன் என்று மூன்று. மூன்றிலும் நிறுத்தும் பட்டன் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். ஒரு ஸ்டேஷனில் ஆள் இல்லையென்றால் அந்த ஸ்டேஷன் மூடப்படும், அதற்கு மேலே உள்ள சரிவும் மூடப்படும். அதில் விட்டுக்கொடுப்பதே கிடையாது.

ஆரம்பத்தில் இந்த வேலைக்கு எடுத்த ஆட்கள் எல்லாம் பனியில் நிற்கத் தெரியாமல் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். எங்கள் மேனேஜர் கனடாக்காரர். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரிடம் கிளிட்டஸ் அண்ணன் போய், "சார், அலையில ஆடுற வள்ளத்துல நின்னு வலை இழுத்த பயலுவ எங்க ஊர்ல இருக்கானுவ, அவனுவளுக்கு இது ஒண்ணுமே இல்ல" என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த மாதம் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். பதினோரு பேரும் ஒரே ஊர், ஒரே கோவில். காலைக் கொஞ்சம் அகட்டி வைத்துப் பனியில் நின்றால் நின்றதுதான். இரண்டு வருடத்தில் ஒருத்தன்கூட விழவில்லை. மேனேஜர் ஊருக்குப் போகும்போதெல்லாம் இவர்களைப் பற்றித்தான் பெருமை பேசுவாராம்.

ஒரே நாளில் வந்தவர்களுக்கு ஒரே நாளில்தான் இரண்டு வருடம் முடியும், ஊர் லீவும் ஒரே நாளில்தான் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. 2007 மே மாதம் பதினோரு பேருக்கும் லீவு வந்தது. அதே மே மாதத்தில் அவர்கள் ஊர் சூசையப்பர் கோவில் திருவிழா, பத்து நாள். அதுவும் கோவிலுக்கு அது நூறாவது வருடம். எவனாவது வேறு மாதத்தில் லீவு கேட்பானா?

லீவு ஃபார்மை முதலில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டு ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். ஜனவரியிலிருந்தே ஒவ்வொருத்தனாகக் கொண்டுவந்தான். அண்ணன் "போயிட்டு வா மக்கா, எனக்கும் சேத்து ஒரு மெழுவுத்திரி கொளுத்து" என்று சொல்லிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் போக வேண்டும். ஆனால் தன்னுடையதைக் கடைசியில் எழுதினார். "சூப்பர்வைசரே முந்திக்கிட்டா பயலுவ என்ன நெனைப்பானுவ?" என்றார். மனுசன் நல்லவர்தான், ஆனால் கணக்கில் மந்தம்.

ஆபீஸில் லீவு பார்ப்பது காயல்பட்டினத்து உம்மு ஹானி அக்கா. பன்னிரண்டாவது ஃபார்ம் வந்ததும்தான் அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. கிளிட்டஸ் அண்ணனைக் கூப்பிட்டார். நான் ஏதோ பில்லோடு அங்கே நின்றிருந்தேன்.

"கிளிட்டஸ் அண்ணே, இப்படி வாங்கோ. மே ரெண்டாம் தேதியில இருந்து உங்க லிஃப்ட்ல யாருதான் இருப்பா?"

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "அஞ்சு பேரு இருப்பானுவ மேடம். மூணு நேபாளி, ரெண்டு பிலிப்பினோ."

"ரெண்டு ஷிஃப்ட்டுக்கு அஞ்சு பேரா? சூப்பர்வைசர் யாரு?"

அண்ணன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு மேசையில் கிடந்த தன் ஃபார்மைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கிவிட்டார்.

மேனேஜர் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. முடிவு இதுதான்: மேல் ஸ்டேஷன் மூடப்படும், பாதிச் சரிவுதான் திறந்திருக்கும். அதையும் நடத்த எல்லா வேலையும் தெரிந்த ஒருத்தர் வேண்டும் என்பதால் கிளிட்டஸ் போகக் கூடாது. போயே தீர வேண்டுமென்றால் பதினோரு பேரில் நான்கு பேருடைய லீவை அவரே ரத்து செய்யட்டும். கையெழுத்துப் போட்டவர் அவர்தானே.

அவருக்கு அந்த லீவு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அவர் மகள் சுபிஷாவுக்கு ஒன்பது வயது. திருவிழாவின் ஒன்பதாம் நாள் அவளுக்குப் புதுநன்மை. வெள்ளை உடுப்பும் தலையில் பூ முடியும் வைத்து, முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். அவள் பிறந்தபோது அண்ணன் பஹ்ரைனில். ஞானஸ்நானம் கொடுத்தபோதும் பஹ்ரைனில். பள்ளிக்கூடம் சேர்ந்த அன்றைக்கும் அங்கேதான். "அப்பா கையப் புடிச்சிட்டுத்தான் நான் கோவிலுக்குள்ள போவேன்" என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். அதை அண்ணன் ரூமில் எங்கள் எல்லோரிடமும் சொல்லி, சலித்துப்போகும் அளவுக்குத் திரும்பவும் சொல்லியிருந்தார்.

பதினோரு ஃபார்மையும் ரூமுக்கு எடுத்து வந்து இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நாலு பேரை வெட்டுங்க. இதுல என்ன யோசனை?"

"எந்த நாலுன்னு நீயே எடுத்துத் தா பாஸ்கரு" என்று ஃபார்ம் கட்டை நீட்டினார். "இவனுக்குக் கல்யாணம் உறப்பிச்சாச்சு. இவன் பெத்த பிள்ளைய இன்னும் கண்ணால பாக்கல்ல. பிரைட்டுக்க அம்மைக்குக் கண்ணு ஆப்பரேசன். இந்தப் பய தேருக்கு வடம் புடிக்கேன்னு நேர்ச்சை."

நான் எல்லாவற்றையும் இரண்டு முறை புரட்டினேன். என்னால் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. அதற்கும் அவர் மேல்தான் கோபம் வந்தது. அன்றைக்கு அவர் வைத்த மீன் குழம்பைச் சாப்பிடாமல் கடையில் போய் பரோட்டா தின்றேன்.

மறுநாள் பதினோரு ஃபார்மையும் அப்படியே ஆபீஸில் கொடுத்துவிட்டார், தன்னுடையதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். பையன்களிடம் "எனக்கு ஜூன் மாசம் தாரேன்னு மேனேஜர் சொல்லியாச்சு, நான் கேட்டுதான் மாத்துனேன்" என்று ஒரு பொய். என்னிடம் சத்தியம் வாங்கினார். ஏர்போர்ட் வேனில் அவர்கள் ஏறிய அன்றைக்கு, நான் கண் ஆபரேஷன் அம்மாவின் மகன் பிரைட்டைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியம் எனக்குப் பெரிதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு கஷ்டப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, அவ்வளவுதான். அவன் அண்ணனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வேனில் ஏறினான்.

அதற்குப் பழியாகவோ என்னவோ, மறுநாளே என்னை நடு ஸ்டேஷனுக்குப் போட்டார்கள். "ஆள் இல்லல்லா, நீதான் வரணும்" என்று அண்ணனே வந்து ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை விழுந்தேன். நேபாளிகள் சிரித்தார்கள். அண்ணன் வந்து என் காலை அகட்டி வைத்து, "கடல்ல நிக்கேன்னு நெனச்சுக்க" என்றார். புதுக்கோட்டைக்காரனுக்கு ஏது கடல்? கண்மாய்க் கரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். நிற்க வந்துவிட்டது.

"இன்று பாதிச் சரிவு மட்டும்" என்று வாசலில் போர்டு வைத்திருந்தோம். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்து, மேலே ஏன் விடவில்லை என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். அரபியில் மாஃபி, மாஃபி, இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. சனிக்கிழமை தோறும் வரும் ஒரு அரபிப் பெரியவர் மட்டும் நடு ஸ்டேஷனில் இறங்கி, மூடிய மேல் சரிவைப் பார்த்து, தன் முழங்காலைத் தட்டி, "கலாஸ், அவ்வளவுதான், இதற்குப் பாதி போதும்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் ஒருத்தரால் அந்த வாரம் பிழைத்தேன். கிளிட்டஸ் அண்ணன் கீழுக்கும் நடுவுக்கும் ஓடிக்கொண்டே இருந்தார். சாப்பிடப் போகிறவனுக்குப் பதிலாகத் தானே நிற்பார். கேட்டால் "சொகமாத்தான் இருக்கேன்" என்பார். பொய் சொல்லக்கூட அவருக்கு ஒழுங்காக வராது.

மே பன்னிரண்டு, சனிக்கிழமை. ஒன்பதாம் நாள். மத்தியான இடைவேளையில் என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டாஃப் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று ஊருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவர் மனைவி சுகிர்தராணி அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"நன்மை எடுத்தாளா?"

"எடுக்கல்ல. மத்தப் பிள்ளைய முப்பத்தொண்ணும் எடுத்தாச்சு. ஒங்க மவ எடுக்கல்ல."

"ஏன், சொகமில்லையா?"

"சொகத்துக்கு ஒரு கொறையும் இல்ல. பிரைட்டு வந்து நடந்ததைச் சொன்னான். இவ நேரே சாமியார்கிட்ட போயி, எங்கப்பா வந்த பெறவு எடுக்கேன்னு சொல்லிட்டா. அவரும் சரி, என்னைக்கு வாராரோ அன்னைக்குத் தாரேன்னுட்டாரு. தச்ச உடுப்பு பெட்டியில கெடக்கு. நான் என்னத்த செய்ய?"

அண்ணன் போனை வைத்துவிட்டு அழுதார். நானும் அழுதேன். வெயிலில் ஜாக்கெட்டோடு இரண்டு ஆண்கள் நின்று அழுவதை ஒரு டாக்ஸிக்காரர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை டியூட்டிக்குப் போனால், பெட்டியோடு வாசலில் பிரைட் நிற்கிறான். அவன் லீவு முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது.

"என்னலேய், வெரட்டி விட்டாங்களா?" என்றார் அண்ணன்.

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க. அம்மைக்கு ஆப்பரேசன் நல்லா முடிஞ்சு, தேரும் கண்டாச்சு. இனி அங்க இருக்க முடியாதுண்ணே. கடைக்குப் போனா ஒங்க மவ, கடக்கரைக்குப் போனா ஒங்க மவ. 'மாமா, எப்பத் திரும்பிப் போவிய?'ன்னு கேக்கா. பதினோரு பேரையும் ஒருத்தன் விடாம கேக்கா. கடைசியில நான்தான் தோத்தேன். நீங்க கெளம்புங்க."

பிரைட் வந்துவிட்டான், நானும் நிற்கப் பழகிவிட்டேன் என்பதால் மேனேஜர் எட்டு நாள் கொடுத்தார். அன்றே திருவனந்தபுரம் பிளேனில் அண்ணனை ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்தோம். மேல் ஸ்டேஷன் அந்த வாரமும் மூடித்தான் இருந்தது. நடு ஸ்டேஷனில் நான் சந்தோஷமாக நின்றேன். குளிரில் சந்தோஷமாக நின்றேன் என்று என் கையாலேயே எழுதும்படி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிப் பூசையில் சுபிஷாவுக்குப் புதுநன்மை நடந்தது. சாதாரண நாள், கொட்டு இல்லை, பந்தல் பிரித்தாகிவிட்டது. வழக்கமாக ஏழெட்டுப் பேர் வரும் பூசைக்கு மீதிப் பத்துப் பையன்களும் வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார்களாம். அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடுவே நடந்து போனாளாம். திரும்பி வந்து அண்ணன் இதைச் சொல்லும்போது, எதிரே நின்று கேட்டவர்கள் நானும் உம்மு ஹானி அக்காவும்தான். அக்கா தன் மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய அட்டை ஒட்டியிருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கோவில்களின் திருவிழாத் தேதிகள் அத்தனையும் அதில் இருந்தன. இனிமேல் லிஃப்டுக்கு யாரை எடுத்தாலும் முதலில் எந்தக் கோவில் என்று கேட்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு.

"பூசை முடிஞ்சதும் பிள்ளை என்ன சொன்னா?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல்ல மேடம். வெளிய வந்து செருப்பு போடும்போ, 'அப்பா, நன்மை முடிஞ்சு, இனி எனக்கு அடுத்தது உறுதிபூசுதல். அதுக்கு நாலு வருசம் கெடக்கு. அந்த ஃபார்ம நீங்க மொதல்ல குடுத்திருங்க'ன்னா."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபார்மை எடுத்து நீட்டினார். கிளிட்டஸ், லிஃப்ட் சூப்பர்வைசர், 2011 மே மாதம், இருபது நாள். அக்கா அதை இரண்டு முறை படித்தார். நான்கு வருடத்துக்கு முன்னாலேயே லீவு கேட்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. முத்திரை குத்தி, லீவு ஃபைலைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஃபார்ம்கள் வந்துவிட்டன, எத்தனையோ பேர் போய் வந்துவிட்டார்கள். இதை எழுதும்போது இன்னும் இரண்டு வருடம் மீதி இருக்கிறது. போன வாரம் வேறு வேலையாக ஆபீஸுக்குப் போனவன் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். அண்ணனுடையதுதான் முதலில் இருந்தது.