பஸ்ஸில் காணாமல் போகும் பொட்டுகள்

தலைப்பு, தலைப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டு திரிந்த காலம் அது. பல்கலைக்கழகத்தில், சமூகவியல் துறையில், நான் தற்காலிக விரிவுரையாளர். ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வந்தால்தான் நிரந்தரமாக்குவோம் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். போரும் பெண்களும், இடப்பெயர்வும் குடும்பமும் என்று நான் எதைக் கொண்டுபோனாலும், எல்லோரும் எழுதித் தீர்த்ததுதானே என்று ஆங்கிலத்தில் சொல்லித் தள்ளிவிடுவார். அவர்மேல் பிழையில்லை. எழுதப்போகிற எனக்கே கொட்டாவி வந்தது.

உருப்படியான தலைப்பு தலைநகரில் ஓடும் மட்டக்குளி பஸ்ஸில்தான் கிடைத்தது. வெள்ளவத்தையில் ஏறும்போது எங்கள் தமிழ்ப் பெண்களின் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு இருக்கும். இராணுவச் சோதனைச் சாவடி வருமுன் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பொட்டைக் கண்டால் இறக்கி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு என்று குடைந்தெடுப்பார்களே! இதில் புதினம் ஒன்றுமில்லை, நானும் செய்வேன். ஆனால் உரித்த பொட்டு எங்கே போகிறது? இந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்ததோடு எனக்குப் பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த சீட்டுப் பெண்களின் கைகளைக் கள்ளி மாதிரிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒருத்தி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒட்டினாள். ஒருத்தி குடைக்காம்பில். நான் என்னுடையதைக் கைப்பைக் கண்ணாடியில் ஒட்டுவேன்.

ஓர் அக்காவைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான். வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தவர், புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் டைப்பிஸ்ட். அவர் பொட்டை உரித்து, மணிக்கூட்டுப் பட்டியைத் தளர்த்தி, அதற்கடியில் கைத்தோலிலேயே ஒட்டினார்.

"ஏன் அக்கா கையில?"

"நான் கலியாணம் கட்டினனான் பிள்ளை. உடம்பை விட்டு எடுக்கக்கூடாது."

"அண்ணைக்கு எங்க வேலை?"

"ஆமி ரவுண்டப்பில வளைச்சுப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எங்க வச்சிருக்கிறாங்கள் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா ஆள் இருக்கிறார். அதுக்குத்தான் இது."

அடுத்த நாளே துறைத்தலைவரிடம் ஓடிப் பொட்டுக் கதையைச் சொன்னேன். மனிதர் கதிரையை விட்டு எழும்பியே விட்டார். இதுதான் கட்டுரை என்றார். எந்தப் பஸ், எந்தச் சாவடி, கையில் சரியாக எந்த இடம், படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது அச்சில் வந்து, நாளைக்குச் சாவடியில் எவனாவது பட்டியைக் கழற்று என்று அந்த மனுசியிடம் கேட்டால்? ஒரேயொரு பெண்தான் சேர், மற்றவர்கள் அப்படியே பொட்டோடு போகிறார்கள் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். ஒருத்தியை வைத்துக்கொண்டு என்னத்தை எழுதுவது என்று அவருடைய முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு வேறு தலைப்பு அகப்படவில்லை. நிரந்தர நியமனம் இன்னொருவருக்குப் போயிற்று.

போனால் போகட்டும். ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை தாங்காமல்தான் ஒருநாள் பஸ்ஸில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களைப் பற்றி எழுத இருந்தனான் அக்கா. பயப்பிடாதேங்கோ, விட்டிட்டன்."

சாவடி தாண்டியதும் அவர் பட்டியைத் தளர்த்தி, பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை விட்டனீங்கள்? அவர் இருக்கிறார் எண்டு ஒரு இடத்திலயாவது அச்சில வந்திருக்குமே."